டம்ளரின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டுக் காபியைப் பிரதமர் தம் மூக்கில் ஊற்றிக்கொண்டதை ஒன்பது கோடிப் பேர் பார்த்தாகிவிட்டது. பதினாலு விநாடி வீடியோ. நீங்களும் பார்த்திருப்பீர்கள், இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். அதனால் நான் அதில் வராததை மட்டும் சொல்கிறேன்.

மாம்பழக் கலர் புடவையில் நின்று பிரதமரின் முழங்கையைத் தட்டித் தூக்கிவிடுகிறாளே, அவள் என் மனைவி சத்யபாமா. அவளுக்குப் பின்னால் கையில் பேப்பரோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வழுக்கைத் தலை அடியேன், சேஷு. வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். வீடு ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி.

அன்று சித்திரைத் திருநாளில் நாலாம் நாள் காலை. பிரதமர் கோயிலுக்கு வந்துவிட்டு எங்கள் வீதி வழியாகத் திரும்புவதாக ஏற்பாடு. முதல் நாளே போலீஸ் வந்து, வீட்டுக்கு இரண்டு பேர்தான் வாசலில் நிற்கலாம், கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிற்று. "இது?" என்று பேப்பரைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி உதறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர்கள் பெருமாளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். நம்பெருமாள் பல்லக்கு வீதியில் வந்துவிட்டால் எங்கள் ஊரில் குறுக்கே ஒன்றும் போகாது. பால் வண்டியும் நிற்கும், பதினெட்டுக் கார் கொண்ட பிரதமர் வரிசையும் நிற்கும். நின்றது. மூன்றாவது காரின் கதவைத் திறந்துகொண்டு பிரதமர் அம்மாள் இறங்கினார். செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கை கூப்பி நின்றார். பல்லக்கு கடந்து போனதும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி மூக்கை இழுத்து மோப்பம் பிடித்தார். உள்ளே அப்போதுதான் இரண்டாம் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது.

"காபி?" என்றார்.

சத்யாவுக்கு இந்தி ஒரு எழுத்தும் தெரியாது. இந்தக் கேள்விக்கு அது தேவைப்படவில்லை. "இதோ!" என்று உள்ளே ஓடினாள். அவள் பின்னாலேயே ஒரு பாதுகாப்பு அதிகாரி ஓடினார். சோதனைக்காக அரை டம்ளர் குடித்தார். பிறகு நாட்டின் நலன் கருதி இன்னொரு அரை டம்ளரும் குடித்தார். அதற்கப்புறம்தான் பிரதமரின் கைக்கு வெள்ளி டம்ளர் போயிற்று.

அவர் அதை உதட்டருகே கொண்டுபோனார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் வீடுகளில் டம்ளர் உதட்டில் படக் கூடாது. பட்டால் எச்சில். தூக்கித்தான் குடிக்க வேண்டும். சத்யா இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் சொல்லியிருக்கிறாள், டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், சம்பந்தியிடமே சொல்லியிருக்கிறாள். பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஐயையோ, வாய வச்சுடாதீங்கோ! தூக்கி, தூக்கி!"

சொன்னதோடு விட்டாளா? கையாலும் தட்டிவிட்டாள். பிரதமரின் முழங்கை மேலே போயிற்று, டம்ளர் அதற்கும் மேலே போயிற்று, காபி கொஞ்சம் வாயிலும் மிச்சம் மூக்கிலும் வெள்ளைப் புடவையிலுமாக இறங்கியது. எனக்கு என் பென்ஷன் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

பிரதமர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் நீர் வர, குறட்டைச் சத்தம் மாதிரி ஒன்று நடுநடுவே வெடிக்க, எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை," என்று டம்ளரை நீட்டினார். இரண்டாம் தடவை பாதி உள்ளே போயிற்று. மூன்றாம் தடவை முழுசும். ஜெயித்துவிட்டதாகக் கையை உயர்த்திக் காட்டினார். போகும்போது சத்யாவைக் கட்டிக்கொண்டு போனார்.

கார்கள் போன பிறகு எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை லேசாக ஆடியது. சத்யாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீடு ஹம்ஸாவுடையது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு காலத்தில் இருவரும் ஓருயிர். ஒரே நாளில் திருச்சி பெரிய கடைவீதிக்குப் போய், ஒரே கடையில், ஒரே கொடி வேலைப்பாடு போட்ட வெள்ளி டம்ளர் ஆளுக்கு ஆறு வாங்கி, அடியில் அவரவர் பெயரை வெட்டிக்கொண்டு வந்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெண் ஜாஹ்னவியின் சீமந்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஹம்ஸாவின் ஆறையும் இரவல் வாங்கினோம். விசேஷம் முடிந்ததும் சத்யா ஆறு எண்ணிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அரை மணி கழித்து ஹம்ஸா வாசலில் நின்று, "சத்யா, அஞ்சுதான்டி இருக்கு," என்றாள்.

"ஆறு குடுத்தேனே?"

"நான் கணக்கு டீச்சர். எனக்கு எண்ணத் தெரியும்."

வீதியில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்யாவுக்கு ரோஷம் வந்தால் யாராலும் பிடிக்க முடியாது. உள்ளே போய் விளக்கை ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "நம்பெருமாள் சாட்சியா ஆறு குடுத்தேன். உன்னோட சாமான் ஒண்ணுகூட எங்காத்துல இல்லை." அன்றோடு பேச்சு நின்றது. ஹம்ஸாவின் கணவர் ஜகன்னாத் தவறியபோதுகூட நான் மட்டும்தான் போய் வந்தேன். சத்யா எங்கள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். போ என்றால், "என்னைத் திருடின்னு நெனைக்கறவ ஆத்துக்கு எப்படிப் போவேன்?" என்றாள்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன்.

சாயங்காலத்துக்குள் நாடு இரண்டாகப் பிரிந்தது. பிரதமரின் முழங்கையை ஒரு குடிமகள் தட்டலாமா என்று ஏழு சேனலில் விவாதம். எதிர்க்கட்சிக்காரர், "ஒரு டம்ளரையே நேராகப் பிடிக்கத் தெரியாதவர் நாட்டை எப்படிப் பிடிப்பார்?" என்றார். ஆளுங்கட்சிக்காரர், "சிந்தியது காபி அல்ல, அன்பு," என்றார். சிந்தியது காபிதான், துடைத்தவன் நான். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் பதவியில் இருப்பவர்கள் குறட்டைச் சிரிப்பு சிரிப்பது உலக அரங்கில் நம்மைத் தலைகுனிய வைக்கும் என்று அரை மணி நேரம் சிரிக்காமலே பேசினார். ஒரு இயற்பியல் பேராசிரியர் பலகையில் படம் போட்டு, டம்ளரை எத்தனை டிகிரி சாய்த்திருக்க வேண்டும் என்று விளக்கினார். மூக்கின் நீளத்தை எங்கிருந்து எடுத்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

திருச்சிக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக நின்று தூக்கிக் குடித்து ஒருவர் மேல் ஒருவர் சிந்திக்கொண்டார்கள். திருவானைக்காவலில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் தாலி கட்டின கையோடு மணையிலேயே தூக்கிக் குடித்தார்கள். பட்டுப்புடவை போயிற்று, லட்சம் பேர் லைக் போட்டார்கள். சமயபுரத்தில் ஒரு கடையில் 'பிரதமர் காபி, துடைக்கத் துண்டு இலவசம்' என்று போர்டு. உறையூரில் ஒரு தறிக்காரர் வெள்ளைச் சேலையில் காபிக் கறை மாதிரியே பழுப்புப் புட்டா போட்டு நெய்து, முதல் சேலையை சத்யாவுக்கே அனுப்பிவைத்தார். உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் பிரதமரே ஒரு படம் போட்டார். தம் வீட்டுச் சமையலறையில், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் எவர்சில்வர் டம்ளரோடு. கீழே, 'பயிற்சி நடக்கிறது. சத்யா அக்கா, இன்னும் நாலு புடவை பாக்கி இருக்கிறது' என்று தமிழில். அவ்வளவுதான், என் மனைவி நாட்டுக்கே அக்கா ஆகிவிட்டாள். வாசலில் செல்ஃபிக் கூட்டம். கூட்டத்துக்கு இவள் டெமோ வேறு. "மணிக்கட்ட அசைக்கப்படாது. கண்ணு டம்ளர்ல இருக்கணும். முழுங்கறத நிறுத்தப்படாது." காபிப்பொடி செலவைப் பற்றி நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் காலை எல்லாம் கவிழ்ந்தது.

டெல்லியில் ஒரு பத்திரிகைக்காரருக்கு வேறு வேலை இல்லை. வீடியோவின் ஒன்பதாவது விநாடியை நிறுத்திப் பெரிதுபடுத்திப் போட்டிருந்தார். பிரதமர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிய கணம். டம்ளரின் அடிப்பக்கம் காமிராவுக்கு நேரே. அதில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து. 'இது என்ன ரகசியச் சின்னம்?' என்று கேட்டிருந்தார். வடக்கே ஒரு நிபுணர் இது இரண்டாயிரம் வருஷத்து எழுத்து என்றார். ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் இது சங்கேதம் என்றார்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாரும் அதை ஒரே பார்வையில் படித்துவிட்டார்கள். 'ஹம்ஸா.'

எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் அதை முதலில் போட்டவர் கோடி வீட்டு பிரஹலாத். விளக்கைக் கையில் பிடித்து சத்யா சத்தியம் செய்தபோது நின்று கேட்ட நாலு பேரில் ஒருவர். படத்தைப் போட்டு, கீழே ஒரு விளக்குப் பொம்மையை மட்டும் போட்டிருந்தார். அதற்கு முப்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை.

சத்யா பீரோவைத் திறந்து ஆறு டம்ளரையும் தரையில் கவிழ்த்து வைத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஐந்தில் சத்யபாமா. ஒன்றில் ஹம்ஸா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாத்திரம் தேய்க்கும் வேணி எட்டிப் பார்த்து, "அந்தப் பேரு எப்பவுமே இருக்குதேம்மா. நான் உங்க மாமியாரு பேருன்னுல்ல நெனச்சேன்," என்றாள். என் அம்மாவின் பெயர் ரெங்கநாயகி. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.

"ஏன்னா," என்று சத்யா என் பக்கம் திரும்பினாள். குரல் தணிவாக இருந்தது, அதுதான் பயம். "நான் கண்ணாடி இல்லாம தேய்ச்சு அடுக்கறேன். குடிக்கறச்சே எனக்கு அடிப்பக்கம் தெரியாது. தினம் எதிர்ல உக்காந்துண்டு இருக்கறது நீங்கதானே? நான் தூக்கிக் குடிக்கறச்சே உங்க மூஞ்சிக்கு நேரேன்னா அது இருந்திருக்கு? உலகத்துல எவன் ஜெயிச்சான் எவன் தோத்தான்னு அத்தனையும் தெரியறது. ஆம்படையா கையில என்ன இருக்குன்னு ஒரு நாள் நிமிர்ந்து பாத்தேளா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு டம்ளரையும் அவள் முறைவைத்து எடுப்பாள். பதினோரு வருஷம், ஆறு நாளைக்கு ஒரு தடவை. அந்தப் பெயர் அறுநூற்று அறுபத்தொன்பது தடவை என் கண் முன்னால் வந்து நின்றிருக்கிறது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பெருமாள் சாட்சியா பொய் சொல்லிருக்கேன்," என்றாள். அன்று அவள் காபி குடிக்கவில்லை. வாசலுக்கும் வரவில்லை. அக்காவைக் காணோம் என்று கூட்டம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹம்ஸாவின் வீட்டு வாசலில் காமிரா வந்து நின்றது. உள்ளூர் சேனல் நிருபர் பிரவீன்ராஜ் மைக்கை நீட்டினார். எங்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சத்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்கும்படி பிடித்தாள்.

"மேடம், பிரதமர் குடிச்ச டம்ளர் உங்களோடதுன்னு சொல்றாங்களே. அது எதிர்வீட்டுக்கு எப்படிங்க போச்சு?"

வீதி முழுக்கக் காதாக நின்றது. பிரஹலாத் முன்வரிசையில் இருந்தார். ஒரு வார்த்தை போதும். நாடே பார்த்துக்கொண்டிருக்க, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அவள் ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம்.

ஹம்ஸா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "எப்படிப் போகும்? நான்தான் குடுத்தேன். அவாத்துக்கு விசேஷம்னா என் டம்ளர் போகும், எங்காத்துக்கு விசேஷம்னா அவ டம்ளர் வரும். இந்த ஊர்ல இது ஒரு நியூஸா?"

பிரஹலாதின் முகத்தை யாராவது அப்போது படம் எடுத்திருந்தால் நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

சத்யா என் கையை உதறினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், காமிராவைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்து ஹம்ஸாவின் வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் ஓடினேன். கதவைச் சாத்தினேன்.

"ஏன்டி பொய் சொன்னே?" என்றாள் சத்யா. பதினோரு வருஷத்துக்கப்புறம் பேசிய முதல் வார்த்தை. "இந்தா உன் டம்ளர். எங்காத்துலதான் இருந்தது. நான் பொய் சத்தியம் பண்ணினவ. வாய விட்டுத் திட்டு."

ஹம்ஸா டம்ளரை வாங்கவில்லை. சமையலறைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். ஒரு வெள்ளி டம்ளரை எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு, கவிழ்த்துக் காட்டினாள்.

அடியில் சத்யபாமா.

"நீ ஆறுதான் குடுத்தே. பையப் பிரிச்ச உடனே ஒண்ணை எடுத்துப் பெருமாளுக்குத் தீர்த்தம் வச்சேன். அப்புறம் மிச்சத்தை எண்ணினேன். அஞ்சு. கணக்கு டீச்சர்!" ஹம்ஸா தன் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணாம் நாள் திருவாராதனப் பாத்திரம் தேய்க்கறச்சே பாத்தேன். உன் பேர். பன்னண்டும் கலந்து மாறிப் போயிருக்கு. அதுக்குள்ள நீ விளக்கைப் பிடிச்சாச்சு, வீதியெல்லாம் பேசியாச்சு. எந்த மூஞ்சிய வச்சுண்டு வருவேன்? நாளைக்கு, நாளைக்குன்னு பதினோரு வருஷம் ஓடிப்போச்சுடி. அவர் போனப்பக்கூட உன்னைத்தான் தேடினேன்."

சத்யா டம்ளரைப் பார்த்தாள், ஹம்ஸாவைப் பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். "அப்போ நான் ஆறு குடுத்தது நெஜம்," என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "ஆறு குடுத்தேன்!" என்றாள். பிறகு பிரதமரைப் போலவே குறட்டைச் சத்தத்தோடு சிரிக்க ஆரம்பித்தாள். ஹம்ஸாவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். தரையெல்லாம் அரிசி.

வெளியே மைக் காத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் பிரவீன்ராஜ் சத்யாவிடம் பாய்ந்தார். "அக்கா, அப்ப அது இரவல் வாங்குன டம்ளருங்களா?"

சத்யாவின் புடவைத் தலைப்புக்குள் அவள் பெயர் வெட்டிய டம்ளர் இருந்தது. அதை எடுத்து பிரஹலாதின் மூக்குக்கு நேரே நீட்டினால் போதும், அவள் சத்தியத்தின் முதல் பாதியாவது மீண்டுவிடும். பதினோரு வருஷமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஆமாம்பா, இரவல்தான்," என்றாள். "திருப்பிக் குடுக்க எனக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிடுத்து."

மைக் திரும்பப் போயிற்று. ஹம்ஸா அதை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் அவளுக்கு இன்னும் இருந்தது.

"இரு, எழுதிக்கோ. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே சத்யபாமா எனக்கு ஆறு டம்ளரும் திருப்பிக் குடுத்துட்டா. ஆறு! எண்ணத் தெரியாதது நான். அவ சொன்னது சத்தியம். பிரஹலாத், உமக்கும் கேட்டுதா?"

பிரவீன்ராஜ் குழம்பிப்போனார். "அது வேற மேட்டருங்களா மேடம்? பிரதமரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்களேன்."

அன்று இரவுச் செய்தியில் டம்ளர் வந்தது, பிரதமரின் சிரிப்பு மறுபடி வந்தது, எங்கள் வாசற்படி வந்தது. ஹம்ஸா சொன்னதை மட்டும் வெட்டிவிட்டார்கள். அந்த வாரத்தில் நடந்த ஒரே முக்கியமான செய்தி அதுதான் என்பது சேனல்காரர்களுக்கு எப்படித் தெரியும்? சத்யா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. செய்தி ஓடும்போது அவள் எதிர்வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹம்ஸா தன் டம்ளரோடு எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வந்தாள். இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் டம்ளரைத் தூக்கினார்கள். ஒன்றின் அடியில் ஹம்ஸா, ஒன்றின் அடியில் சத்யபாமா. சத்யா கையில் ஹம்ஸா இருந்தது, ஹம்ஸா கையில் சத்யபாமா இருந்தது. மாற்றிக்கொள்ள இருவருக்கும் தோன்றவில்லை. நான் இரண்டு பெயரையும் நிதானமாகப் படித்தேன். அவர்கள் குடித்து முடிக்கும்வரை பேப்பரைப் பிரிக்கவில்லை.